புளிப்பை அளக்கும் கருவி

மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் முதலில் பழகும் வித்தைகளுள் ஒன்று தரம் பார்த்தல். கூம்புக் குடுவையில் 20 மி.லி. அமிலம். அதில் இரண்டு சொட்டுப் பினாப்தலீன். மேலே பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். இடக்கையால் குழாயைத் திருகி, வலக்கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறமற்றிருந்த கரைசல் ஒரே ஒரு துளியில் மெல்லிய ரோஜா நிறம் கொள்ளும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு துளி விட்டால் கரைசலும் சிவக்கும். ஆசிரியரின் முகமும் சிவக்கும்.

இப்போது குடுவையில் அமிலத்திற்குப் பதிலாகக் கறுப்புத் திராட்சையின் சாற்றை ஊற்றுங்கள். அதே பினாப்தலீன், அதே சோடியம் ஹைட்ராக்சைடு. என்ன நடக்கும்? சாறு தொடக்கத்திலேயே செந்நீலமாக இருக்கிறது. காரத்தைச் சேர்க்கச் சேர்க்கச் சாற்றிலுள்ள நிறப்பொருளே நிறம் மாறி, நீலமும் பச்சையும் கலந்த மங்கலான ஒரு நிறத்திற்குப் போகிறது. இந்தக் குழம்பிய நிறத்தில் பினாப்தலீனின் ரோஜா நிறத்தை எங்கே தேடுவது? ஒருவர் "இதோ" என்பார். பக்கத்தில் நிற்பவர் "இன்னும் இல்லை" என்பார். ஆரஞ்சுச் சாற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. சக்கை மிதக்கும் மஞ்சள் சாற்றில் இளஞ்சிவப்பு தோன்றுவதைப் பிடிப்பது எளிதன்று.

கண்ணுக்குத் தெரியாத அந்த முடிவு நிலையை, நிறத்தைப் பாராமலே கண்டுபிடிக்கும் கருவி ஒன்று உண்டு. தானியங்கி டைட்ரேட்டர் என்பது அதன் பெயர். பழச்சாற்றுத் தொழிற்சாலைகளின் ஆய்வுக்கூடங்களில் அது காலை முதல் மாலை வரை சலிக்காமல் தரம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பழச்சாற்றின் புளிப்பை இவ்வளவு துல்லியமாக அளக்க வேண்டிய தேவை என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆரஞ்சுப் பழத்தின் தோல் நிறத்தை வைத்து அது பழுத்துவிட்டதா என்று சொல்ல முடியாது. தோல் பச்சையாக இருக்கும் பழம் உள்ளே இனிப்பாக இருக்கலாம். தகதகவென்று மஞ்சளாக இருக்கும் பழம் வாயில் வைக்க முடியாதபடி புளிக்கலாம். பழம் முதிர முதிரச் சாற்றில் சர்க்கரை கூடுகிறது, அமிலம் குறைகிறது. ஆகவே இவ்விரண்டின் விகிதமே முதிர்ச்சியின் உண்மையான அடையாளம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 20-ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. சாற்றில் கரைந்துள்ள திடப்பொருள் (பெரும்பாலும் சர்க்கரைதான்) 8 பங்கு இருந்தால், அமிலம் 1 பங்குக்கு மேல் இருக்கலாகாது. விகிதம் எட்டைத் தொடாத ஆரஞ்சு சந்தைக்குப் போக முடியாது. எனவே அமிலத்தை அளப்பதில் நேரும் சிறு பிழை ஒரு விவசாயியின் வண்டிச் சுமை முழுவதையும் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அந்தக் கணக்கைப் பின்னால் போட்டுப் பார்ப்போம்.

பத்தாயத்து நெல்

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "அமிலத்தன்மையை அளக்க பி.எச். தாள் போதுமே! ஒரு நொடியில் தெரிந்துவிடுமே!" என்று பலர் நினைக்கிறார்கள். பி.எச். என்ற அளவை 1909-ஆம் ஆண்டில் வகுத்தவர் சோரன்சென். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், பீர் காய்ச்சும் ஆலை ஒன்று நடத்திய கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர் அவர். பி.எச். மதிப்பு, கரைசலில் அந்த நேரத்தில் தனித்து உலவும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை மட்டுமே காட்டும். மதிப்பு ஒன்று குறைந்தால் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடியது என்று பொருள்.

பழங்களில் உள்ள சிட்ரிக், மாலிக், டார்டாரிக் அமிலங்கள் எல்லாம் வலிமை குறைந்தவை. தம்மிடமுள்ள ஹைட்ரஜனில் மிகச் சிறு பகுதியையே அயனியாக வெளியே விடுகின்றன. கிராமத்து வீடுகளில் இருந்த நெல் பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு சிறு வாய். அதைத் திறந்தால் கொஞ்சம் நெல் சரிந்து வாயருகே குவியும். குவிந்ததை அள்ளினால் உள்ளிருந்து இன்னும் கொஞ்சம் சரியும். வாயருகே குவிந்திருக்கும் நெல்லைப் பார்த்துப் பத்தாயத்தில் எத்தனை கலம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? பி.எச். காட்டுவது வாயருகே இருக்கும் நெல்லை. மொத்த நெல்லையும் அறிய வேண்டுமானால் கடைசி மணி வரும்வரை அள்ளி அளக்க வேண்டும். தரம் பார்த்தல் அதைத்தான் செய்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு வெளியே உள்ள ஹைட்ரஜன் அயனியை எடுத்துக்கொள்ள, அமிலம் மேலும் அயனியை விட, அதையும் காரம் எடுத்துக்கொள்கிறது.

எண்களில் பார்த்தால் வியப்பாக இருக்கும். 5 சதவீதம் சிட்ரிக் அமிலம் கொண்ட எலுமிச்சைச் சாறு ஒன்றின் பி.எச். 2.3 என்று கொள்வோம். அதே 2.3 மதிப்புள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலும் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டிலும் 10 மி.லி. எடுத்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடுடன் தரம் பார்த்தால், ஹைட்ரோகுளோரிக் அமிலம் அரை மி.லி. காரத்தோடு முடிந்துவிடும். எலுமிச்சைச் சாறோ ஏறக்குறைய 78 மி.லி. கேட்கும்! பி.எச். ஒன்றே, உள்ளிருப்பு நூற்றைம்பது மடங்குக்கு மேல்.

நாக்கு உணரும் புளிப்பு பெரும்பாலும் இந்த மொத்த இருப்பைச் சார்ந்தது. அதற்காக பி.எச். பயனற்றது என்று எண்ணிவிடாதீர்கள். டப்பாவில் அடைத்த உணவில் உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிர், பி.எச். 4.6-க்குக் கீழ் வளர்வதில்லை. சாறு கெடாதிருக்குமா என்று சொல்வது பி.எச்.; எவ்வளவு புளிக்கும் என்று சொல்வது தரம் பார்த்தல். இரண்டும் வேண்டும்.

கெட்டுப்போன லிட்மஸ்

இந்தக் கருவியின் கதையில் எலுமிச்சைக்கு நேரடிப் பங்கு உண்டு. 1934-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் சன்கிஸ்ட் என்ற வணிகப் பெயரால் அறியப்பட்ட பழ விவசாயிகளின் கூட்டு அமைப்பில் க்ளென் ஜோசப் என்ற வேதியியலார் வேலை பார்த்துவந்தார். அங்கே விளையும் எலுமிச்சை நம்மூர் எலுமிச்சையைவிடப் பெரியது, தோல் தடித்தது. சந்தைக்கு ஏற்காத காய்களைப் பிழிந்து சிட்ரிக் அமிலமும் பெக்டினும் எடுப்பார்கள். அச்சாற்றின் அமிலத்தன்மையை அளப்பது ஜோசப்பின் பொறுப்பு.

சாறு கெடாதிருக்க அதில் கந்தக டை ஆக்சைடு கலந்திருந்தார்கள். அது நிறங்களை வெளுக்கச் செய்யும் வாயு என்பது உங்களுக்குத் தெரியும். லிட்மஸ் வெளுத்துப் போயிற்று. மற்ற நிறங்காட்டிகளும் உதவவில்லை. மின்முனை கொண்டு அளக்கலாம் என்றால், அந்நாளில் வழக்கிலிருந்த ஹைட்ரஜன் மின்முனையின் பிளாட்டினத்தையும் அதே வாயு கெடுத்துவிட்டது. எஞ்சியது கண்ணாடி மின்முனை. அது எளிதில் கெடாது. ஆனால் கண்ணாடி மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும் பொருள். கால்வனாமீட்டரின் முள்ளை அசைக்கும் அளவுக்காவது மின்னோட்டம் வர வேண்டுமானால் கண்ணாடிக் குமிழைப் பெரிதாகவும் நீர்க்குமிழி போல மெல்லியதாகவும் ஊத வேண்டும். தொட்டால் உடைந்தது.

அலுத்துப்போன ஜோசப், தம் பழைய கல்லூரித் தோழர் ஆர்னால்டு பெக்மனிடம் போனார். பெக்மன் ஒரு கொல்லரின் மகன். 1900-இல் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். அப்போது பாசடினா நகரின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் கற்பித்துவந்தார். அதற்கு முன் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது வெற்றிடக் குழல்களோடு பழகியிருந்தார். பழைய ரேடியோப் பெட்டிகளில் செக்கச்செவேல் என்று ஒளிரும் வால்வுகள் உண்டே, அவைதாம். நலிந்த ஒலியலையை வால்வு பெருக்குகிறதல்லவா? கண்ணாடி மின்முனையின் நலிந்த அடையாளத்தையும் அதே வழியில் பெருக்கினால் என்ன என்று பெக்மன் நினைத்தார். இரண்டு வால்வுகளைக் கொண்டு ஒரு பெருக்கியை அமைத்துக் கொடுத்தார். இனி மெல்லிய குமிழ் வேண்டியதில்லை. தடித்த, உறுதியான மின்முனையே போதும்.

சிறிது காலம் கழித்து ஜோசப் மறுபடி வந்தார், இன்னொன்று வேண்டும் என்று. முதல் கருவியை உடன் பணிபுரிபவர்கள் ஓயாமல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம்! ஓர் ஆய்வுக்கூடத்திலேயே இரண்டு தேவை என்றால் வெளியே எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று பெக்மன் அப்போதுதான் யோசித்தார். 'அமிலமானி' என்று பெயரிட்டுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935-இல் கருவி விற்பனைக்கு வந்தது. விலை 195 டாலர். அந்தப் பொருளாதார மந்த நாட்களில் அது பெருந்தொகை. ஆயினும் விற்றது. காப்புரிமை 1936-இல் கிடைத்தது. பெக்மன் 2004 வரை வாழ்ந்தார்.

கருவியின் உள்ளே

தானியங்கி டைட்ரேட்டரின் கண் அந்தக் கண்ணாடி மின்முனைதான். நுனியில் பட்டாணி அளவு கண்ணாடிக் குமிழ், அதனுள்ளே பி.எச். மாறாத ஒரு கரைசல். குமிழை நீரில் நனைத்தால் கண்ணாடியின் மேற்பரப்பு நீரேற்று மிக மெல்லிய படலமாகிறது. சாற்றிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் இந்தப் படலத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்கின்றன. அயனி கண்ணாடியைத் துளைத்து உள்ளே போவதில்லை. உள்ளும் புறமும் அயனிகளின் செறிவு வேறாக இருப்பதால் ஒரு மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், பி.எச். ஒன்று மாறினால் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறும். ஆரஞ்சுச் சாறு 3.5-இலிருந்து 8.1 வரை போகும்போது மொத்த மாற்றம் 271 மில்லிவோல்ட். டார்ச் செல் ஒன்றின் மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

கருவியின் கை, பியூரெட். நாம் பயன்படுத்தும் நீண்ட குழாய் அன்று. ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சு போன்ற கண்ணாடி உருளை; அதனுள் ஒரு தண்டு. சிறு சிறு படிகளாகச் சுழலும் மோட்டார் அத்தண்டைத் தள்ளுகிறது. 20 மி.லி. உருளையைப் பத்தாயிரம் படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கு 0.002 மி.லி. பள்ளிப் பியூரெட்டின் ஒரு துளி 0.05 மி.லி. அதாவது நம் ஒரு துளியை இருபத்தைந்து கூறாக்கி விட இக்கருவியால் முடியும்.

கண்ணும் கையும் இருந்தால் போதாது. எப்போது நிறுத்துவது என்ற நிதானமும் வேண்டும். சிட்ரிக் அமில மூலக்கூறில் காரத்தோடு சேரக்கூடிய மூன்று ஹைட்ரஜன்கள் உள்ளன. ஒன்றன்பின் ஒன்றாக அவை பறிபோவதால் பி.எச். தொடக்கத்தில் மெதுவாகவே ஏறும். மொத்தம் 12.5 மி.லி. காரம் கேட்கும் சாறு, 10 மி.லி. விட்ட பிறகும் 6-ஐச் சுற்றியே நின்றுகொண்டிருக்கும். பிறகு திடீரென்று எழும். 7-இலிருந்து 8.1-ஐ எட்டச் சில துளிகளே போதும். தேர்ந்த மாணவன் என்ன செய்வான்? முதலில் தாராளமாக விட்டு, முடிவு நெருங்கும்போது கையைச் சுருக்கிக்கொள்வான். கருவியும் அதையே செய்கிறது. ஒவ்வொரு முறை காரம் விட்ட பிறகும் மின்னழுத்தம் நிலைபெறும் வரை காத்திருந்து, முந்திய அளவோடு ஒப்பிட்டு, ஏற்றம் செங்குத்தாகி வருகிறது என்று கண்டால் அடுத்த அளவைக் குறைத்துக்கொள்கிறது. கீழே காந்தக் கலக்கி ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். சக்கையோ நிறமோ அதற்கு ஒரு பொருட்டன்று. கறுப்புத் திராட்சையும் எலுமிச்சையும் அதற்கு ஒன்றே.

சரி, அது என்ன 8.1? நடுநிலை 7 அல்லவா? வலிமை குறைந்த அமிலத்தை வலிமை மிக்க காரம் கொண்டு நடுநிலையாக்கினால் உண்டாகும் உப்புக் கரைசல் சற்றுக் காரத்தன்மை உடையது. எனவே அமிலம் முற்றும் தீரும் இடம் 7-க்கு மேலேதான் இருக்கும். பழச்சாறுகளுக்கு 8.1 என்று அனைத்துலகத் தர விதி சொல்கிறது. பினாப்தலீன் நிறம் மாறத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். ஆகவே நிறமே பாராத இக்கருவி, பழைய நிறங்காட்டி காட்டிய இடத்தருகிலேதான் இன்றும் நிற்கிறது! தரம் பார்த்தல் என்ற தமிழ்ச் சொல்லும் பொருத்தமானதே. 'டைட்ரேஷன்' என்பதன் வேர் 'தீத்ர்' என்ற பிரெஞ்சுச் சொல். தங்கத்தின் மாற்றை, அதாவது தரத்தைக் குறிப்பது.

கணக்கு

10 மி.லி. ஆரஞ்சுச் சாற்றுக்கு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 12.5 மி.லி. செலவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். சிட்ரிக் அமிலத்தின் சமான எடை 64.04. ஆகவே 12.5 × 0.1 × 64.04 ÷ 1000 = 0.080 கிராம். 100 மி.லி. சாற்றில் 0.80 கிராம் அமிலம். அதே 12.5 மி.லி. காரம் ஆப்பிள் சாற்றுக்குச் செலவாகியிருந்தால் மாலிக் அமிலமாகக் கணக்கிட்டு 0.84 என்போம், திராட்சைக்கு, நம் புளியிலும் உள்ள டார்டாரிக் அமிலமாகக் கணக்கிட்டு 0.94 என்போம். அதனால்தான் "இன்ன அமிலமாக" என்று குறிப்பிடாத அமில அளவுக்குப் பொருளில்லை.

இனி அந்த விவசாயியின் வண்டிக்கு வருவோம். அவருடைய ஆரஞ்சில் கரைந்த திடப்பொருள் 10 சதவீதம். 10 மி.லி. சாறு 19.5 மி.லி. காரம் ஏற்றது. அமிலம் 1.25; விகிதம் சரியாக 8. பழம் தேறிவிட்டது. சோதித்தவர் மஞ்சள் சாற்றில் ரோஜா நிறத்தைத் தவறவிட்டு அரை மி.லி. கூடுதலாக விட்டுவிட்டார் என்றால்? 20 மி.லி.; அமிலம் 1.28, விகிதம் 7.8. வண்டி திரும்புகிறது. பத்துத் துளியில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

கருவியும் தவறும். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி நாளுக்கு நாள் வலிமை இழக்கும். எனவே அதன் வலிமையைப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற தூய உப்பைக் கொண்டு அடிக்கடி சரிபார்க்க வேண்டும். அந்த உப்பு 0.4084 கிராம் என்றால் சரியான 0.1 நார்மல் கரைசல் 20 மி.லி. செலவாகும். மின்முனையை பி.எச். 4.01, 7.00 உள்ள தாங்கல் கரைசல்களில் தோய்த்து அளவு திருத்த வேண்டும். சக்கை ஒட்டிக்கொண்டால் கழுவ வேண்டும், காயவிடக் கூடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்தே வைக்க வேண்டும். வாயு அடைத்த பானமானால் வாயுவை முதலில் போக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கார்பானிக் அமிலமும் கணக்கில் சேர்ந்துவிடும். இவற்றில் எதை மறந்தாலும் கருவி முறையிடாது. தப்பான விடையை நான்கு தசம இடத்துக்கு அழகாக அச்சடித்துக் கொடுக்கும். கையால் ஐம்பது முறையாவது தரம் பார்த்துப் பழகியவரிடமே இக்கருவியை ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டில் செய்து பாருங்கள்

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் ஒரு நிறங்காட்டி; அது சிவக்கத் தொடங்குவதும் பி.எச். 8-ஐ ஒட்டிய இடத்தில்தான். உறிஞ்சு தாள் துண்டுகளை மஞ்சள் கரைத்த நீரில் தோய்த்து நிழலில் உலர்த்துங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைச் சிறிது ஒரு பாட்டில் நீரில் கலக்கி, மூடி, ஓர் இரவு தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிநீரே உங்கள் காரம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலைத் திறந்து வைத்தால் மேலே வெள்ளை ஆடை படியும், அதற்குக் காரணமும் கார்பன் டை ஆக்சைடுதான்.

ஒரு கிண்ணத்தில் சொட்டுக் குழாயால் எலுமிச்சைச் சாறு 5 சொட்டு விட்டுச் சிறிது நீர் ஊற்றுங்கள். அதே குழாயைக் கழுவிக்கொண்டு சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிச் சேருங்கள். ஐந்தைந்து சொட்டுக்கு ஒரு முறை, குச்சியால் தொட்டு மஞ்சள் தாளில் வையுங்கள். தாள் சிவந்த இடத்தில் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறை நெருங்கி வந்தால் வியக்க வேண்டாம். பிறகு ஆரஞ்சு, சாத்துக்குடி, கறுப்புத் திராட்சை என்று ஒவ்வொன்றிலும் 5 சொட்டு எடுத்துச் செய்யுங்கள். இவற்றுக்கு ஐந்தைந்தாக எண்ணாமல் இரண்டிரண்டாக எண்ணுவது நல்லது, முடிவு சீக்கிரம் வந்துவிடும். திராட்சைச் சாறு கிண்ணத்தில் என்ன நிறம் காட்டுகிறது, தாளில் என்ன நிறம் காட்டுகிறது என்பதையும் குறித்து வையுங்கள்.